முதுகைத் திருப்பி நின்ற முப்பது ஆண்டுகள்

"யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள் அம்மா!"

யாரிடமும் கேட்கவே கூடாது என்று நீங்கள் விதித்த கேள்வியோடுதான் இந்தப் பணிநிறைவு வாழ்த்து மடல் தொடங்குகிறது. எழுதியவள் இசைப்பிரியா, உங்கள் துறையின் கௌரவ விரிவுரையாளர். கேட்டுவிட்டாள், பொறுத்தருள்க!

வாக்காளர் வாசல்தோறும் வெயிலோடு நடந்த வித்தகரே! தேர்தலைத் தெருவில் நின்று கற்ற திறத்தீரே! கருத்துக்கணிப்பைக் கண்ணியமாக்கிய பேராசிரியர் ஜெயசெல்வி அம்மையீர்! வணக்கம்!

உங்கள் நூல்களை எல்லாரும் புகழ்வார்கள். நாங்கள் புகழ வந்தது உங்கள் பிழையை.

நீங்கள் பணிக்கு வந்த புதிது. கம்மாபுரத்தில், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த சாமியம்மாளை, அவளுடைய சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்க, "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டீர்கள்.

"ஏம்மா, உன் வூட்டுக்காரரு யாருக்குப் போட்டாருன்னு மொதல்ல கேட்டுகினு வா. அப்பறம் நான் சொல்றேன்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. சொல்ல மறுத்ததையே, தான் சொன்ன கட்சிக்குப் போடவில்லை என்ற பதிலாக எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் அவளுக்கு வேலை தரவில்லை.

அடுத்த தேர்தலுக்குப் பூட்டிய தகரப்பெட்டியோடு வந்தீர்கள். சீட்டைக் கையில் கொடுத்தீர்கள். அவர்கள் எழுதிப் போடும்வரை முதுகைத் திருப்பி நின்றீர்கள். "என் கேள்வி ஒருத்தியின் வேலையைப் பறித்தது" என்று முதல் நூலின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டீர்கள். பட்டத்தைப் பெயரோடு போடுகிறவர்கள் நிறைய. பிழையைப் பெயரோடு போட்டவர் நீங்கள் ஒருவரே, அம்மா!

அந்தச் சாமியம்மாளின் மகள்தான் இசைப்பிரியா; அந்த வீட்டின் முதல் பட்டதாரி. போன வாரம் பெட்டிச் சாவியை அவளிடம் கொடுத்தீர்கள். "இனிமே கணிப்பு உன் பொறுப்பு. கட்சிக்கொடி பிடிக்காத. நீயும் எலெக்ஷன்ல நிக்காத."

மந்தாரக்குப்பத்தில் உங்களுக்கும் அவளுக்கும் ஒரே வார்டு. அந்தச் சூப்பர்வைசரின் மகன் அங்கே இரண்டு முறை போட்டியே இல்லாமல் கவுன்சிலர் ஆனவர். எதிர்த்து மனுக் கொடுத்தவர்களை வீடு தேடிப் போய் வாபஸ் வாங்க வைத்தார்கள். ஓட்டே நடக்காத வார்டில் பெட்டியை வைத்துக்கொண்டு எதைக் கணிப்பது? இன்று மூன்று மணியோடு மனுத்தாக்கல் முடிகிறது. இந்த முறையும் ஒரே மனு!

தானே மனுப் போடட்டுமா என்று பெற்ற தாயிடம் கேட்டாள். "நில்லுடி. வேல போனா போவுது, நமக்கென்ன புதுசா?" என்றாள் சாமியம்மாள்.

அவளுடைய ராஜினாமாக் கடிதம் காலையிலேயே கல்லூரி முதல்வர் மேசைக்குப் போய்விட்டது. சாவி இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்தின் பின்புறம் கட்டியிருக்கிறது.

முதல் வரியில் கேட்டதை இப்போது திரும்பப் பெறுகிறாள். நீங்கள் யாருக்கும் சொல்லவே வேண்டாம். உங்கள் வாசலுக்கும் ஓட்டுக் கேட்டு வருவாள். கேட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொள்வாள்.

இன்னும் இருபது தேர்தல்களின் மை உங்கள் விரலில் ஏற, நலமோடு நெடிது வாழ்க!

மணி ஒன்றரை. கைதட்டலுக்கு அவள் நிற்கமாட்டாள். சட்டத்தை உங்கள் கையில் வைத்துவிட்டு, இதோ, நடக்கிறாள்.

என்றும் உங்கள்
அரசியல் அறிவியல் துறையினர், நெய்வேலி
(இசைப்பிரியா நீங்கலாக)