தேங்காய்க்கு அடியில் ஒரு சர்வர்

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். கண்ணாடி போட்டவர் மடியில் அர்ச்சனைச் சாமான் பை இருந்தது.

"எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் முழுசும் இந்தத் தேங்காய்க்கு அடியில இருக்கு வே," என்றார் அவர்.

பக்கத்துச் சீட்டு நண்பர் பையை எட்டிப் பார்த்தார். "கேசட்டுல்லா கெடக்கு?"

"டேப்பு வே. சர்வர்ல உள்ளத அப்படியே இதுல ஏத்திருவோம். ஆபீஸ் தீப்பிடிச்சாலும் இத வச்சு மீட்டுரலாம். செவ்வாக்கிழமை கோயிலுக்கு வாறப்ப, மச்சினன் வீட்டு பீரோவுல வச்சிட்டு, போன வாரத்து டேப்ப எடுத்துட்டுப் போவேன்."

"இப்பம் சி.டி. வந்திருக்கே?"

"அதுன்னா ஒரு கட்டு வேணும். ஒவ்வொண்ணா மாத்திப் போட்டுட்டு யாரு உக்காந்திருக்கது? டேப்பு ஒண்ணு போதும்."

"சரி வே. ஆபீஸ் எரிஞ்ச பொறவு இத எதுல போட்டுப் படிப்பீரு?"

"டேப் டிரைவ்லதான்."

"அது எங்கன இருக்கு?"

கண்ணாடிக்காரர் தேங்காயை நகர்த்தி டேப்பை ஒரு தடவை பார்த்தார். வெளியே வாழைத் தோட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன.

"சர்வருக்குள்ளதான் இருக்கு. அதுவும் சேந்துல்லா எரியும்."