ஆகாசக் கப்பலுக்கு ஒரு கார்டு

— அடியே செவந்தி, எம்பேரு ரேடியோவுல வந்துருச்சுடி! ‘குடுமியான்மலையிலிருந்து நேயர் சின்னப்பிள்ளை எழுதுகிறார்’னு. பஞ்சாயத்தாபீஸ் வாசல்ல ஒக்காந்து கேட்ட அம்புட்டுப் பேரும் திரும்பி என்னையப் பாக்குறாங்க!

— நல்லதுதானே அத்தை. உள்ள வாங்க.

— என்னத்த நல்லது? ஒன்னைய என்ன எழுதச் சொன்னேன்? ஆகாசக் கப்பல் நாடகத்துல வர்ற டாக்டர் பொண்ணு, அதான் புருசனப் பறிகொடுத்துட்டு செவ்வாய்க்குப் போறவ, அந்தக் கேப்டனக் கட்டிக்கிடக் கூடாதுன்னு. அதானே?

— அதான் அத்தை.

— ரேடியோக்காரன் என்ன படிச்சான்? ‘பாவம், இருபத்தாறு வயதுப் பெண். கப்பலுக்குள் எதற்குமே எடை இல்லை என்கிறீர்கள், அவள் துக்கத்துக்கு மட்டும் ஏன் எடை? கேப்டனுக்கே கட்டி வையுங்கள்.’ நானாடி இப்படிப் பேசுவேன்? எனக்குத் தெரிஞ்ச எடையெல்லாம் புளிக்கடைத் தராசுதான்.

— கை தவறி மாத்தி எழுதிட்டேன் போல...

— கை தவறுனா ஒரு எழுத்து தவறும். கார்டு முழுக்கவா தவறும்? நாடகத்துல அவ வயசை எவனும் சொல்லவே இல்ல. இருபத்தாறு ஒனக்குல்ல?

— சரி அத்தை, கட்டிக்கிட்டாத்தான் என்ன? ரஷ்யாக்காரன் ஆகாசத்தையே சுத்திட்டு வந்துட்டான். பொம்பள மட்டும் வெள்ளச் சீலையோடதான் செவ்வாய்க்குப் போவணுமா?

— அங்க கட்டிக்கிட்டா யாரு கேக்கப்போறா? எட்டிப் பாக்க ஒரு பக்கத்து வீடு உண்டா? இங்க நான் இருக்கேன்ல!

— அண்ணனும் அதத்தான் சொல்லுது. பஞ்சாயத்தாபீஸ் கிளார்க்கு முத்துராமன் நேராவே வந்து என்னையப் பொண்ணு கேட்டாரு. ‘எனக்குச் சம்மதந்தான், ஆனா சின்னப்பிள்ளை வாய்க்கு யாரு பதில் சொல்றது’ன்னு திருப்பி அனுப்பிருச்சு.

— எம்வாய் அம்புட்டுப் பெருசா?

— ஒங்களுக்குப் பயந்து இந்தத் தெருவுல கோழிகூடச் சத்தமில்லாமத்தான் முட்ட போடுது.

— போடி இவளே! பாத்ததத்தானே சொல்றேன். ஆபீஸ் மேல இருக்குற ரேடியோக் கொழாய் வடக்க பாத்துத்தான் இருந்துச்சு. முத்துராமன் வேலைக்கு வந்தப்பறம் இங்கிட்டு ஒன் சன்னலப் பாத்துத் திரும்பிருச்சு. வெளிய வராதவ, வீட்டுல இருந்தே கேக்கட்டும்னுதானே?

— ஐயோ அத்தை, அத யாருகிட்டயும்...

— பாத்து ஏழு மாசமாச்சு. மூச்சு விட்டேனா? சொல்லாம சொல்லாம எனக்கு வயிறே உப்பிப்போச்சு.

— மன்னிச்சிருங்க அத்தை. நாளைக்கே இன்னொரு கார்டு போட்டு, அது நீங்க சொன்னது இல்லைன்னு எழுதிர்றேன்.

— எழுதிக் கிழிச்சே! எனக்குப் படிக்கத்தான் தெரியாது, பாக்கவுமா தெரியாது? நான் சொன்னது ஒத்த வரி. நீ அட்ரசுப் பக்கத்தக்கூட விடாம எழுதுனே. முடிக்கிறப்ப ரெண்டு சொட்டுக் கண்ணீர் விழுந்து மை கலைஞ்சுச்சு. ஆகாசத்துல போற எவளுக்கோ எவடி அழுவா?

— தெரிஞ்சேவா கைநாட்டு வச்சீங்க?

— நல்லா அழுத்தித்தான் வச்சேன். எந்திரி, மொகத்தக் கழுவு. முத்துராமனோட ஆத்தா எங்க வீட்டுல காப்பி குடிச்சுக்கிட்டிருக்கா; எதுக்க ஒங்கண்ணன் மலையாண்டி, ‘இவுங்களே ரேடியோவுல சொல்லிட்டாங்களே’ன்னு தலையச் சொறிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான்.