தளபதி தெரோனுக்கு வாய்ச்ச சம்பந்தி

...இருங்க, இருங்க. ஓட்டுப் போடறதுக்கு முன்னால ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். கதைதான்... சரித்திரப் புத்தகத்துல போய்த் தேடாதீங்க!

ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தி மாசிடோனியான்னு ஒரு நாடு. அந்த நாட்டு ராஜா ஊர் ஊரா ஜெயிச்சுக்கிட்டே போனவரு, வழியில காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துட்டாரு. பிள்ளை குட்டி கிடையாது. அடுத்த ராஜா யாரு?

ரெண்டு தளபதிங்க. தெரோன், குதிரைப்படைக்காரர். மக்காத்தாஸ், காலாட்படைக்காரர்.

தெரோன் சொன்னார்: "பதினெட்டு வருஷம் ராஜா பக்கத்துலயே குதிரை ஓட்டினேன். எனக்கில்லாம யாருக்கு?"

மக்காத்தாஸ் சொன்னார்: "நீ ஓட்டினே. நாங்க நடந்தோம்யா!"

நியாயந்தானே? ரெண்டுமே நியாயம். அதான் சிக்கலே!

படை ரெண்டாச்சு. ஆத்துக்கு இந்தக் கரையில தெரோன், அந்தக் கரையில மக்காத்தாஸ். விடிஞ்சா யுத்தம்.

முதநாள் சாயங்காலம் ஆத்துப் பக்கம் ஒரே கூச்சல். 'எதிரி இறங்கிட்டான்'னு தெரோன் வாளை உருவிக்கிட்டு ஓடறார். அங்க பார்த்தா... முழங்கால் தண்ணியில ரெண்டு படை ஆளுங்களும் கலந்து நிக்கறாங்க. பாட்டு! சிரிப்பு! நடுவுல ஒரு பொண்ணு, தலையில பூவளையம்!

"என்னய்யா நடக்குது இங்க?"

பொண்ணோட அப்பா, கோர்கியாஸ்னு தெரோன் படையில பழைய வீரர், முன்னால வந்தார். "கல்யாணங்க. ராஜா இருக்கும்போதே பேசி முடிச்சது. இப்ப மாப்பிள்ளை அந்தக் கரை ஆளாப் போயிட்டாரு."

"விடிஞ்சா யுத்தம்யா!"

"அதாங்க இன்னிக்கே வச்சுட்டோம். நாளைக்கு நான் மாப்பிள்ளையக் குத்தணுமா, மாப்பிள்ளை என்னையக் குத்தணுமா... அதை மட்டும் நீங்க சொல்லிடுங்க."

அந்த நேரம் பார்த்து அந்தக் கரையிலேர்ந்து மக்காத்தாஸும் வாளோட ஓடி வர்றார். நேருக்கு நேர்! பாட்டு நின்னுபோச்சு.

அந்தப் பொண்ணு வாய் திறந்தா. "ஐயா, நம்ம வழக்கப்படி ரொட்டிய வாளால வெட்டி எங்க ரெண்டு பேருக்கும் குடுக்கணும். ராஜா வெட்டறேன்னு சொல்லியிருந்தார். யாராவது ஒருத்தர்..."

ராஜா வெட்ட வேண்டிய ரொட்டி! இப்ப அதை வெட்டறவன் யாரு? அத்தனை கண்ணும் தெரோன் மேல. கை துறுதுறுங்குது. ஆனா கோர்கியாஸ் முகத்தைப் பார்த்தார்... வாளை உறையில போட்டார். ரொட்டிய எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டினார்.

"மக்காத்தாஸ், நீ மாப்பிள்ளை வீடு. நீ வெட்டு. நான் பிடிச்சுக்கறேன். என் விரல் பத்திரம்யா, சம்பந்தி!"

ஆறே சிரிச்சுது! மக்காத்தாஸ் வெட்டினார். ஒரு விரலும் போகல.

அதுக்கப்புறம் எவன் சண்டை போடுவான்? 'ராஜா யாருன்னு வீரர்களே சொல்லட்டும்'னு முடிவாச்சு. வீரர்கள் மக்காத்தாஸ் பேரைச் சொன்னாங்க. தெரோனுக்கு வலிச்சுதா? வலிச்சுது. ஒரு நிமிஷம் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அப்புறம் ஈட்டியால கேடயத்தை 'டங்'னு தட்டி, "ராஜா வாழ்க!"ன்னாரு. அதுதான் முதல் குரல்!

நம்ம ஆட்டோ சங்கத்துத் தலைவர் தவசியண்ணன் காலமாகி நாப்பது நாளாச்சு. அவர் இடத்துக்கு மைதீன் நிக்கறாரு, ஜெபராஜ் நிக்கறாரு. ஸ்டாண்டு ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு. மாமன் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம்! நில்லுங்க, தாராளமா மோதுங்க... பதவி ஒருத்தருக்குத்தான். ஆனா ஆளுங்க? எல்லாரும் நம்மாளுங்கதானே! அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முடிவு சொன்னதும் முதல் கைதட்டல் தோத்தவர்கிட்டேருந்து வரணும். வருமா?

...ரெண்டு பேரும் சிரிக்கறாங்க பாருங்க! போங்க, போய் ஓட்டுப் போடுங்க!