கண்ணாடியில் வைத்த பொட்டு

சிட்னி ரயிலில், பரமட்டா நிலையத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்தார்கள். இளையவர் சொன்ன முதல் வரியிலேயே நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"ஐயர் வைச்ச பொட்டைத் துடைச்ச பிறகுதான் அக்கா, எனக்கு லொறி தெரிஞ்சது."

"எந்தப் பொட்டு?"

"காருக்குப் பின்னாலை கொழுவி இழுக்கிற கரவன் வீடு புதுசா வாங்கி, கோயில்லை பூசை செய்தனாங்கள். கரவன் அகலமெண்டு காருக்கு ரெண்டு பக்கமும் நீட்டுக் கண்ணாடி பூட்டியிருந்தது. ஐயர் ரெண்டிலையும் நடுவிலை சந்தனத்தை அப்பிவிட்டார். கார் ஓட்டின என்ரை மனுசன் துடைக்க விடேல்லை. மிச்ச இடத்திலை தெரிஞ்சது கரவன்ரை சுவர்தான்."

"ஐயோ, பிறகு?"

"பின்னாலை ஆரோ ஹோர்ன் அடிச்சபடி வாறான், ஆரெண்டு தெரியேல்லை. பெற்றோல் செட்டிலை நிப்பாட்டச் சொல்லிச் சாவியை வாங்கினன். ரெண்டையும் துடைச்சு, கரவன்ரை விளிம்பு கொஞ்சமும் மிச்சமெல்லாம் ரோட்டும் தெரியிறமாதிரித் திருப்பினன். எங்களுக்குப் பின்னாலை வந்து நிண்ட லொறி அப்பதான் தெரிஞ்சது. கடற்கரை வரைக்கும் நான்தான் ஓட்டினனான். அங்கை கரவன் நிப்பாட்டிற இடத்துக்குள்ளை ஒரே றிவேஸிலை விட்டன். நிண்ட வெள்ளைக்காரர் எல்லாம் கை தட்டினவை!"

"சாமிப் பொட்டைத் துடைச்சதுக்கு அவர் ஏசேல்லையோ?"

"வீணாக்கேல்லை அக்கா. தண்ணி தொட்டு வழிச்சு அவரின்ரை நெத்தியிலை வைச்சுவிட்டன். பக்கத்துச் சீற்றிலை கும்பிட்டபடியே வந்தவர்."