பெரிய பாயும் பலத்த காற்றும்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தெல்தெனிய பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கினார்கள். நீர்ச்சறுக்குப் பலகையில் பூட்டும் காற்றுப்பாயைச் சுருட்டி மடியில் கிடத்தியிருந்த இளைஞனைப் பக்கத்திலிருந்தவன் சீண்டினான்.

“நாளைக்குக் காத்து பலமாம். இவ்வளவு பெரிய பாய் ஒன்னப் பட்டமாத் தூக்கிரும் மச்சான்.”

“சின்னது எங்கிட்ட இல்லையே. அடிக்கயித்த நல்லா இறுக்கினா உச்சி தளந்து மிச்சக் காத்த வுட்டுரும்.”

“வுடாட்டி?”

“சோதனையில வுழுவேன். கல்பிட்டிக் கடல்ல பாய்ப்பலகை பழக்குற வேல கெடைக்காது.”

“ஒன் உம்மாக்கிட்ட நான் என்ன சொல்ல?”

“பறந்துட்டான்னு சொல்லு.”

வெளியே மூடுபனிக்குள் நீர்த்தேக்கம் மிதந்துகொண்டிருந்தது.

மறுநாள் காற்று பலமாகத்தான் அடித்தது. பஸ் ஜன்னலால் பார்த்தேன். தூரத்தில் நீர்த்தேக்கத்தின் மேல் ஒரு பெரிய பாய் விழாமல் போனது. அதன் உச்சி மட்டும் தளர்ந்து ஆடியது.