ஐஸ் தொட்டி இருந்த இடம்

என் பெயர் வில்மா கோவாரிக். வயது எழுபத்தொன்று. காலஞ்சென்ற எமில் கோவாரிக்கின் மனைவி. கான்சாஸ் மாநிலம் டெல்ஃபோர்டில் தானியக் கிடங்குக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்புவரை படித்தேன். இறந்துபோன வேட் கோவாரிக் என் மகன் வழிப் பேரன்; நான்தான் வளர்த்தேன். ஊரிலுள்ள சிறு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில், கவசம் போட்டு எதிரணியோடு முட்டி மோதும் முன்வரிசையில் ஆடினான். அவன் ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டு செத்தான் என்று தலைமைக் கோச் ரிக் டோலன் சொல்வது பொய். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் பயிற்சி தொடங்கிய முதல் சனிக்கிழமை மைதானத்துக்குப் போயிருந்தேன். அணிக்கு நன்கொடை கொடுப்பவர்களுக்காக வேலியோரம் கூடாரம் போட்டு இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலில் சுருண்டு விழும் பையன்களை இறக்குவதற்காக, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் பெரிய தொட்டி ஒன்றில் ஐஸ் நிரப்பி எல்லைக்கோட்டருகே வைப்பது அங்கே வழக்கம். அன்று அந்தத் தொட்டி கூடாரத்துக்குள் இருந்தது.

அதன் பிறகு, ஆட்டத்தைத் தொடங்கும் சைகைக்கு முன்பே நகர்ந்தார்கள் என்று தண்டனையாக முன்வரிசைப் பையன்களைத் தலைக்கவசத்தோடும் தோள்கவசத்தோடும் டோலன் ஓடவிட்டார். டிராக்டர் விற்கிற கஸ் ஹார்ம்ஸ் கூடாரத்திலிருந்து, "கோச், அடுப்புல இருக்கறதுக்கு முன்னாடி உங்க பசங்க வெந்துருவானுங்க போல!" என்று கத்தினார். டோலன் சிரித்தார். அந்தப் பல் எனக்கு மறக்காது.

வேட் நின்று, "கோச், ஒரு வாய் தண்ணி" என்று கேட்டான்.

"பாட்டி பாக்குறாங்கன்னு சீன் போடாதடா. ஓடு."

அதன் பிறகு வேட் கோணலாக ஓடி வேலியருகே முட்டிபோட்டு விழுந்தான். வேலிக் கதவைத் திறந்துகொண்டு போய் அவனைத் தொட்டேன். உடம்பு கொதித்தது. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "மேடம்" என்று கூப்பிட்டான்.

உதவிக் கோச் ஸ்பைவி எல்லைக்கோட்டுக்கு ஓடினார். தொட்டி இல்லாததால் கூடாரத்துக்கு ஓடினார். ஐஸ் முழுக்க பீர் டின்கள். "எல்லாத்தையும் வெளிய எடுங்கய்யா!" என்று கத்தினார்.

டோலன், "விருந்தாளிங்க இருக்காங்க ஸ்பைவி. நிழல்ல போட்டுத் தண்ணி தெளி, எந்திரிச்சிருவான்" என்றார்.

ஸ்பைவி கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றுவிட்டார். அவரையும் நான் விடப்போவதில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோதும் பீர் ஐஸில்தான் இருந்தது. அன்று மாலை ஆஸ்பத்திரியில் வேட் இறந்தான். ரத்தத்தில் மாத்திரை எதுவும் இல்லை என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

அடக்கத்துக்கு முன்தினம் டோலன், மனைவி சமைத்துக் கொடுத்த சாப்பாட்டுப் பாத்திரத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "பாட்டி, இந்த வருஷம் எல்லா ஹெல்மெட்லயும் வேடோட நம்பர் ஒட்டப்போறோம். பசங்க அவனுக்காக ஆடுவாங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம், கோர்ட்டு கீர்ட்டுன்னு எதுக்கு?" என்றார்.

"ஒட்டிப் பாருடா. ஆட்டத்துக்கு நடுவுல இறங்கி ஒவ்வொருத்தன் மண்டையிலேருந்தும் நகத்தால சுரண்டி எடுப்பேன்" என்றேன். பாத்திரத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்த அதிகாரி, இது விசாரணைக்குத் தேவையில்லை என்றார். தேவை, எழுதுங்கள் என்றேன்.

மேற்கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை. கோர்ட்டில் டோலன் முகத்துக்கு நேராகவும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்) வில்மா கோவாரிக்