வாலுக்குப் பின்னால்

— மேடம்... கால் எப்படி இருக்கு?

— நேத்து உன் முதுகுல தொங்கிட்டு வந்தப்ப அக்கான்னு கூப்பிட்ட. விடிஞ்சதும் மேடம் ஆயிட்டேனா?

— அது ஏதோ அவசரத்துல வாயில வந்துடுச்சு...

— அப்ப அதையே வச்சுக்க. உள்ள வா தம்பி. ஏன் வாசல்லயே நிக்கிற?

— ஷூ பூரா சேறு.

— இந்த லாட்ஜ் தரைய நீயா துடைக்கப் போற? வா. நாற்காலி மேல கிடக்கிற ஈரத் துணிய ஓரமா போட்டுட்டு உக்காரு.

— வீக்கம் குறஞ்சிருக்கா?

— பூசணிக்கா மாதிரி இருக்கு. ஆனா எலும்பு உடையல. இருபது வருஷமா ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கிறவ நான். பாத்தாலே தெரியும். சுளுக்குதான்.

— நல்ல வேளை.

— உன் தொண்டைக்கு என்ன ஆச்சு? தகர டப்பா மாதிரி கரகரங்குது.

— நேத்து கத்தினதுல கட்டிக்கிச்சு.

— எனக்காகக் கத்தினது.

— அது... என் வேலைதானக்கா.

— கீழ என்ன சத்தம்?

— சைக்கிள் டயருக்குக் காத்து அடிக்கிறாங்க. பத்து மணிக்குக் கிளம்பறாங்க. இன்னைக்கு நாலாவது நாள், முகடு ஏறி அந்தப் பக்கம் இறங்கணும்.

— பதினோரு பேரும் போறாங்களா?

— ஆமா. உங்களத் தவிர எல்லாரும்.

— நீ ஏன் இன்னும் சாதா சட்டையில இருக்க?

— நான் போகலக்கா. தலை என்னைய சாமான் வண்டில ஊருக்கு அனுப்பறார்.

— ம்... நெனச்சேன்.

— வேற ஆள் வரச் சொல்லியாச்சு. நல்ல பையன். ஓட்டுவான்.

— அவனையும் வால்னுதான் கூப்பிடுவீங்களா?

— முன்னாடி போறவர் தலை, கடைசியில வர்றவன் வால். யாரு வந்தாலும் அதே பேருதான். நான் ஏழு வருஷமா வால்.

— ஏழு வருஷத்துல ஒரு நாள் கூட முன்னாடி போனதில்லையா?

— தலை இருக்க வால் ஆடலாமா?

— சிரிக்காத. உனக்குச் சிரிப்பு வரல, எனக்கும் வரல. மேசை மேல அந்தத் தாளப் பாரு. காலைல உங்க தலை குடுத்துட்டுப் போனார்.

— தெரியும். கையெழுத்துப் போட்டுட்டீங்களா?

— படிச்சேன். 'கடைசியில் வந்த வழிகாட்டி எண்ணிக்கையில் தவறியதால் பயணி ஒருவர் மலையில் விடப்பட்டார்.' உங்க தலைக்கு எழுத்து நல்லா வருது.

— சரியாத்தான எழுதியிருக்கார். போட்டுடுங்கக்கா.

— போட்டா?

— எங்க வழிகாட்டிகள் சங்கத்துக்குப் போகும். அனுமதி அட்டைய வாங்கிடுவாங்க.

— அப்புறம்?

— அட்டை இல்லாம மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போக முடியாது. கடைசி ஆள விட்டுட்டு வந்தவனுக்குத் திரும்பவும் தர மாட்டாங்க.

— வீட்ல சொன்னியா?

— மழையால முன்னாடியே முடிச்சிட்டாங்கன்னு சொன்னேன்.

— நம்பினாளா உன் பொண்டாட்டி?

— உடனே நம்பிட்டா. 'அப்பாடா, நாலு நாள் வீட்ல இருப்பீங்க'ன்னா. அதுதான்க்கா என்னமோ பண்ணுது.

— அந்தத் தாள இப்படி எடு.

— பேனா வேணுமா?

— தம்பி, ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாத. பேசினா நான் நிறுத்திடுவேன், அப்புறம் சொல்லவே மாட்டேன்.

— சொல்லுங்க.

— நீ எண்ணிக்கைல தப்புப் பண்ணல.

— அக்கா...

— பேசாதன்னு சொன்னேன்ல? அந்த ரெட்டைப் பாறைக்கு மேல உன் செயின் கழண்டுச்சு. 'நீங்க போய்க்கிட்டே இருங்க, பின்னாடியே வரேன்'ன. ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— நான் போய்க்கிட்டே இருக்கல. பாறைக்குப் பின்னாடி சைக்கிள இழுத்துப் போட்டுட்டு ஒளிஞ்சுக்கிட்டேன். கண்ணாமூச்சி ஆடற புள்ளைங்க மாதிரி. நாப்பத்தொன்பது வயசுல. நீ தாண்டிப் போற வரைக்கும் மூச்ச அடக்கிட்டு உக்காந்திருந்தேன். நாள் பூரா மத்தவங்ககிட்ட 'மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க'ன்னு சொல்றவளுக்கு அதைச் சொல்லியா தரணும்? என்னப்பா, வாயில என்ன கொழுக்கட்டையா? 'அய்யோ'ன்னாவது சொல்லு. திட்டவாவது செய்.

— உங்கள எப்படிக்கா திட்டறது?

— ஏன் ஒளிஞ்சேன்னு கேளு.

— ஏன்க்கா?

— கைதட்டினாங்களே... அதுக்குத்தான்.

— கைதட்டினதுக்கா?

— ஒவ்வொரு திருப்பத்துலயும் பதினோரு பேரும் எனக்காக நின்னுட்டு இருப்பாங்க. நான் நாக்குத் தள்ள வந்து சேர்ந்ததும் கைதட்டுவாங்க. முதல் நாள் பெருமையா இருந்துச்சு. ரெண்டாம் நாள் பல்லக் கடிச்சிட்டுச் சிரிச்சேன். மூணாம் நாள் அந்தச் சத்தத்த நெனச்சாலே திரும்பி ஓடிடலாம் போல இருந்துச்சு.

— அவங்க நல்ல மனசோடதான்...

— தெரியும். அதனாலதான திட்டவும் முடியல. இன்னொண்ணு கேளு. நான் வந்து சேரும்போது அவங்க நல்லா ஓய்வெடுத்து, தண்ணி குடிச்சு, போட்டோ எடுத்து முடிச்சிருப்பாங்க. நான் வந்ததும், 'சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்'பார் உங்க தலை. முக்கி முக்கி வந்தவளுக்கு ஓய்வே கிடையாது.

— அது... உண்மைதான். நான் சொல்லியிருக்கணும்.

— நீ என்ன சொல்லுவ? பயணத்துக்குச் சேர்ந்தப்ப குடுத்த படிவத்துல 'மலைப் பாதையில் பழக்கம் உண்டா'ன்னு கேட்டிருந்தாங்க. 'ஓரளவு'ன்னு எழுதினேன். வீட்டுக்குள்ள நிக்கிற சைக்கிள்ல மிதிச்சதுதான் என் பழக்கம். அறுநூறு கிலோமீட்டர் மிதிச்சேன், டிவி முன்னாடி. அதுல கல்லு உண்டா, பள்ளம் உண்டா?

— முதல் நாளே தெரிஞ்சுதுக்கா.

— தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லல. 'மெதுவா வாங்க, அவசரமே இல்ல'ன்னு என் பக்கத்துலயே உருட்டிட்டு வந்த. மூணு நாளும் ஒரு முகச் சுளிப்பு இல்ல. அதுவும் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு தம்பி. இவனாவது நிம்மதியா ஓட்டட்டுமேன்னு...

— அதெல்லாம் சொல்லாதீங்க.

— ஏன்? உண்மையத்தான சொல்றேன். நீங்க எல்லாரும் இறங்கினதும், அந்தக் குறுக்குப் பாதைல நடந்து ரோட்டுக்குப் போயி, சாமான் வண்டிய நிறுத்தி ஏறிக்கலாம்னு கணக்குப் போட்டேன். கால் வழுக்கிப் பள்ளத்துல விழுந்தது என் கணக்குல இல்ல.

— நாலு மணி நேரம் அந்தப் பள்ளத்துல...

— அதுல பாதி என் தலையெழுத்து, மீதி என் திமிரு. நீ கூப்பிட்ட சத்தம் முதல்லயே கேட்டுச்சு. ரெண்டு மூணு தடவ கேட்டுச்சு. வாயத் தொறக்கல.

— தொறக்கலயா?

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்றது? நீ தொண்ட கிழியக் கத்துற, நான் கல்லு மேல உக்காந்துட்டு வெக்கப்பட்டுட்டு இருக்கேன். அப்புறம் உன் குரல் அழற மாதிரி ஆச்சு. அப்பதான் பதில் குடுத்தேன். என்னப் பாரு தம்பி. ஏன் தரையப் பாக்குற? தல குனிய வேண்டியவ நானு.

— அக்கா, இத யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போடுங்க. நான் ஊருக்குப் போயிடறேன்.

— பைத்தியமா உனக்கு? நான் ஒளிஞ்சதுக்கு உன் பொழப்பு போகணுமா?

— போனா போகட்டும்.

— அவ்வளவு நல்லவனா இருக்காதப்பா. எனக்குத் தாங்கல.

— நல்லவன்லாம் இல்லக்கா.

— சொன்னா ஊரே சிரிக்கும், தெரியும். என் வீட்டுக்காரர் கிளம்பும்போதே சொன்னார், 'உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை'ன்னு. ஆஸ்பத்திரில எல்லாருக்கும் இந்தப் பயணத்தப் பத்தித் தம்பட்டம் அடிச்சிட்டு வந்திருக்கேன். சிரிச்சா சிரிக்கட்டும். நாலு நாள் சிரிப்பாங்க. உனக்கு ஆயுசுக்கும்ல பொழப்பு போகும்.

— தலை வர்றார்... படியில சத்தம் கேக்குது. அக்கா, வேண்டாம். கேளுங்க...

— நீ சும்மா இரு. வாங்க சார், உள்ள வாங்க.

— எப்படி இருக்கீங்க மேடம்? டேய் வால், நீ இங்க என்ன பண்ற? உன் பைய வண்டில ஏத்தியாச்சு, டிரைவர் ஹாரன் அடிச்சிட்டு இருக்கான்.

— நான்தான் உக்காரச் சொன்னேன். சார், நீங்க குடுத்த தாள்ல கையெழுத்துப் போட மாட்டேன்.

— ஏன் மேடம்? எழுதினதுல ஏதாவது...

— எழுதினதே தப்பு. இவரு என்ன விட்டுட்டுப் போகல. நான் ஒளிஞ்சுக்கிட்டேன்.

— ஒளிஞ்சு... புரியல மேடம்.

— ரெட்டைப் பாறைக்குப் பின்னாடி. வேணும்னே. உங்க கூட வர முடியாம, அத வாய் விட்டுச் சொல்லவும் முடியாம. இவரு செயின் மாட்டிட்டு வர்றதுக்குள்ள ஒளிஞ்சேன். இதுக்கு மேல விவரமா சொல்லணும்னா நாக்கப் பிடுங்கிட்டுச் சாகலாம் போல இருக்கு. ஆனா அதான் நடந்தது.

— ஓ...

— வேணும்னா எழுதித் தர்றேன். கீழ இருக்கிறவங்ககிட்டயும் நானே சொல்றேன்.

— மேடம், நீங்க... சரி, விடுங்க. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். அந்தத் தாள இப்படிக் குடுங்க. கிழிச்சாச்சு. டேய்... ஒளிஞ்சவங்கள நீ எப்படிடா எண்ணுவ? நான் வேற ராத்திரி எல்லார் முன்னாடியும் உன்ன அப்படித் திட்டிட்டேன்.

— பரவாயில்ல தலை.

— பரவாயில்லன்னு சொன்னா ஆச்சா? எங்க எல்லாருக்கும் உங்க பை மட்டும் வண்டிலேயே கிடக்கிறதப் பாத்த பிறகுதான் விஷயமே தெரியும் மேடம். ஆளாளுக்கு ஓடைப் பக்கம் ஓடினோம், தண்ணி நெறயப் போகுதேன்னு. இவன் ஒருத்தன்தான் யாருகிட்டயும் பேசாம நேரா ரெட்டைப் பாறைக்கு ஏறினான். ஏழு வருஷ அனுபவம்னா சும்மாவா?

— அதான் நானும் சொல்றேன் சார். தங்கமான பையன்.

— போடா, பைய இறக்கு. உடுப்ப மாத்து. பத்து நிமிஷம் உனக்காக நிக்கிறோம். என்னடா, மரம் மாதிரி நிக்கிற?

— போ தம்பி. நான் நல்லாத்தான் இருக்கேன். சொல்லிட்டேன்ல, பாரம் இறங்கிடுச்சு.

— சக்கரம் தெரிஞ்சுது.

— என்னது?

— உங்க சைக்கிளோட பின் சக்கரம். பாறைக்கு வெளிய பாதி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. உங்க ஷூ நுனி கூடத் தெரிஞ்சுதுக்கா.

— டேய், என்ன உளர்ற?

— உளரல தலை. நின்னு பாத்தேன். ஒளிஞ்சுட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சுது. கூப்பிடணும்னு வாயத் தொறந்தேன். கூப்பிட்டா திரும்பவும் நடக்குற வேகத்துல கீழ வரைக்கும் உருட்டணும். ஏழு வருஷமா அந்த இறக்கத்துல பிரேக்க விட்டுக் கைய எடுத்ததே இல்ல. ஒரு தடவ... ஒரே ஒரு தடவன்னு... வாக்கிடாக்கில உங்ககிட்ட 'எனக்குப் பின்னாடி யாரும் இல்ல'ன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.

— தம்பி... நான் ஒளிஞ்சத நீ மதிச்சு... எனக்கு வெக்கமா இருக்கும்னு நெனச்சுத்தான போன?

— இல்லக்கா. உங்க நெனப்பே வரல. கீழ போயிச் சேர்ற வரைக்கும் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.